பரிவு நரம்பும் பழைய ஏடுகளும்

சென்ற ஆண்டு ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகையில், முதல் ரக்அத்தின் சுஜூதிலிருந்து நிலைக்கு எழுந்தபோது என் கண்கள் இருண்டன. காதுக்குள் ஓர் இரைச்சல் எழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியவரின் தோள் கைக்கு எட்டியிராவிட்டால் ஸஃப்பின் நடுவே விழுந்திருப்பேன். அடையாற்றில் நான் வழக்கமாகச் செல்லும் மருத்துவர் என்னைப் படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நிற்கவைத்து ஒரு முறையும் இரத்த அழுத்தத்தை அளந்தார். படுத்திருந்தபோது 138, நின்று மூன்று நிமிடத்துக்குள் 110. "சர்க்கரை காலில் உள்ள நரம்பை மட்டும் கெடுப்பதில்லை, பாய். தானாக வேலை செய்யும் நரம்புகளையும் கெடுக்கும்" என்றார். பதினேழு ஆண்டுகளாக என்னோடு குடியிருக்கும் நோய் அது.

அன்று மாலை அரபுப் பாடத்துக்கு வந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். அவர்களுள் ஒருவன், பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிப்பவன், "ஹஜ்ரத், இந்தத் தானியங்கு நரம்பைப் பற்றி இப்னு சீனா அப்போதே எழுதிவிட்டார் அல்லவா?" என்று கேட்டான். ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன். மீலாது மேடைகளில் முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் பாடநூல் இருந்தது. என் கையில் ஆதாரம் இல்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரம் சில மாதங்களாக நீண்டது. தேடியதில் கிடைத்தவற்றை வாசகப் பெருமக்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இந்த நரம்புகளின் தொழிலைக் காண்போம். படுத்திருப்பவன் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்குகிறது. அதைக் கவனிப்பார் இல்லையெனில் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, எழுந்தவன் மீண்டும் தரையிலே கிடப்பான். கழுத்தில் ஏறும் தமனிகளிலும், இதயத்தை ஒட்டி வளையும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை அறியும் நுண்ணுறுப்புகள் உள்ளன. அழுத்தம் சற்றுத் தாழ்ந்ததும் அவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து வரும் கட்டளையால் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; இதயம் விரைகிறது. இவையனைத்தும் நாம் 'அல்லாஹு அக்பர்' என்று சொல்லி முடிப்பதற்குள் தொடங்கிவிடுகின்றன. தொழுகின்ற ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை குனிகிறார், நெற்றியை நிலத்தில் வைக்கிறார், எழுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை முறையும் இந்தக் கணக்கு அவர் அறியாமலே பார்க்கப்படுகிறது. எனக்கு அந்தக் கணக்கர் சோர்ந்துவிட்டார்.

இந்நரம்புகளில் இருவகை உண்டு. முதுகெலும்பின் இருபுறமும் மணிமாலை போல் முடிச்சு முடிச்சாக இறங்கும் நரம்புத் தொடர் ஒரு வகை. மார்பு, இடுப்புப் பகுதிகளின் தண்டுவடத்திலிருந்து இதற்கு இழைகள் வருகின்றன. தமிழில் இதைப் பரிவு நரம்பு என்பர். அச்சத்திலும் சினத்திலும் கண்மணியை விரிப்பதும், வாயை உலர்த்துவதும், உள்ளங்கையை வியர்க்கவைப்பதும், இதயத்தை முடுக்குவதும் இதன் வேலை. மற்றொன்று துணைப்பரிவு நரம்பு. இது மூளையின் அடியிலிருந்தும் தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்தும் புறப்படுவது. உண்ட உணவைச் செரிக்கவைப்பதும் உமிழ்நீர் சுரப்பதும் இதயத்தைத் தணிப்பதும் இதன் வேலை. நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழத்தைக் கண்டதுமே வாயூறுகிறதே, அது இந்த நரம்பின் செயல். இவ்வகையுள் பெரியது முகுளத்திலிருந்து இறங்கிக் கழுத்து, மார்பு, வயிறு என்று நெடுந்தொலைவு அலைவதால், இலத்தீன் மொழியில் அலைந்து திரிவது என்னும் பொருளில் வேகஸ் எனப் பெயர் பெற்றது.

ஒரு செய்தி என்னை வியக்கவைத்தது. எந்த நரம்பும் தொடாமல் விட்டால் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்குமாம். ஓய்வில் இருப்பவருக்கு 70 என்ற அளவில் அது அடங்கியிருப்பதற்குக் காரணம், வேகஸ் நரம்பு எந்நேரமும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதே. நாம் ஓய்வு என்று கருதும் நேரத்திலும் ஒரு கை கடிவாளத்தில் இருந்துகொண்டே இருக்கிறது.

நீரிழிவு உள்ள குடும்பத்தார் கவனிக்க வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்நரம்புகள் கெட்டால் தலைசுற்றலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழும்போது வியர்வையும் படபடப்பும் தோன்றி நம்மை எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வராமலே போகலாம். மாரடைப்பின் வலியும் மழுங்கிப்போகலாம். ரமலானில் நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவுக்காரர் முன்னதாகவே மருத்துவரைக் காண வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையைப் பயன்படுத்துவதில் எந்த இழுக்கும் இல்லை. இதை ஓதித் தந்த நானே இருமுறை மறந்தவன்.

இனி இப்னு சீனாவிடம் வருவோம். ஹிஜ்ரி 428இல் (1037) மறைந்த அப்பேரறிஞரின் 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் மருத்துவக் கலைக்களஞ்சியம் உடலின் ஆற்றல்களை மூவகையாகப் பகுக்கிறது. மூளையை இடமாகக் கொண்டு உணர்வையும் அசைவையும் ஆள்வது நஃப்ஸானிய்யா. இதயத்தை இடமாகக் கொண்டு உயிர்வெப்பத்தையும் நாடியையும் ஆள்வது ஹயவானிய்யா. ஈரலை இடமாகக் கொண்டு உணவையும் வளர்ச்சியையும் ஆள்வது தபீஇய்யா. பகுப்பின் மூலம் கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸிடமிருந்து வந்தது. ஜாலீனூஸ் என்று நம் ஏடுகள் கூறும் இவரை மேலைநாட்டார் கேலன் என்பர். நம் விருப்பத்துக்கு ஆட்பட்ட செயல்கள் ஒருபுறமும், ஆட்படாத செயல்கள் மறுபுறமும் பிரிந்து நிற்பதை இவ்விருவரும் தெளிவாகக் கண்டிருந்தார்கள்.

கானூனில் நுரையீரலைப் பற்றிய பகுதியில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. மூச்சையும் நாடியையும் இப்னு சீனா அங்கே ஒப்பிடுகிறார். மூச்சு விருப்பத்தைச் சேர்ந்த அசைவு என்றும், அதன் இயல்பான போக்கை விருப்பத்தால் மாற்ற இயலும் என்றும், நாடியோ முழுமையாக இயற்கையைச் சேர்ந்தது என்றும் பிரித்துரைக்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இங்கே திரும்பி வருவோம்.

அவருடைய கூர்மைக்கு மற்றொரு சான்று காதல் நோயைப் பற்றிய இயல். தான் விரும்புகிறவரின் பெயரைச் சொல்லாமல் உருகி நலிகின்ற ஒருவரிடம் மருத்துவன் என்ன செய்வான்? நாடியில் விரலை வைத்துக்கொண்டு பல பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு பெயரில் நாடி தடுமாறினால் அதையே மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு தெரு, தொழில், ஊர் என்று நெருங்கி வர வேண்டும். தாமே இதைச் செய்து பார்த்ததாகவும் கூறுகிறார். ஜாலீனூஸும் ரோமாபுரியில் யுஸ்துஸ் என்பவரின் மனைவிக்குத் தூக்கமின்மை வந்தபோது, பிலாதேஸ் என்னும் கூத்தனின் பெயரைக் கேட்டதும் அவள் நாடி குழம்பியதைக் கண்டு உண்மையை அறிந்தார். ஜாலீனூஸ் தற்செயலாகக் கண்டதை இப்னு சீனா ஒரு முறையாகவே வகுத்தார் எனலாம். முகத்தை அடக்கலாம், நாவை அடக்கலாம். மணிக்கட்டுக்குள் ஓடுவதை அடக்க இயலாது என்பதே இதன் அடிப்படை. பரிவு நரம்பின் செயலை அதன் பெயர் தெரியாமலே விரல் நுனியில் பிடித்துவிட்டார்கள்.

பெயர் என்றதும் மற்றொரு செய்தி. ஓர் உறுப்பின் துன்பத்தில் மற்றோர் உறுப்பு பங்குகொள்வதைக் கிரேக்கர் 'உடன் துன்புறுதல்' என்னும் பொருள்பட ஸும்பாதேயா என்றனர். வயிறு கெட்டால் தலை வலிப்பது அதற்கு எடுத்துக்காட்டு. அரபு மருத்துவர்கள் இதனை முஷாரகா, அதாவது பங்கேற்பு என்றார்கள். உறுப்புகளிடையே இந்தப் பங்கேற்பை நிகழ்த்துவது இந்நரம்பே என்று கருதித்தான் 1732இல் பாரிஸ் நகரில் வின்ஸ்லோ என்னும் உடற்கூற்று அறிஞர் அதற்குக் கிரேக்கச் சொல்லின் வழியில் பெயரிட்டார். பின்னாளில் அரபியர் அதை 'அல்வுத்தீ' என்று பெயர்த்தனர். 'வுத்து' என்றால் அன்பு. நம் தமிழறிஞர்கள் 'பரிவு' என்றார்கள். அச்சத்தையும் பதற்றத்தையும் தூண்டும் நரம்புக்கு அன்பின் பெயரா என்று மாணவர்கள் நகைப்பதுண்டு. பெயருக்குள் ஈராயிரம் ஆண்டுப் பழைய கொள்கை ஒன்று உறங்குகிறது என்று அறிந்தால் நகைக்க மாட்டார்கள்.

அப்படியானால் மாணவனுக்கு ஆம் என்று சொல்லிவிடலாமா? இயலாது. மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளை ஜாலீனூஸ் ஏழு இணைகளாக எண்ணினார். கானூனும் அப்படியே எண்ணுகிறது. அந்த ஆறாம் இணைக்குள் வேகஸ் நரம்பும், நாம் பரிவு நரம்பு என்று கூறும் தொடரும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. குரல்வளைக்குத் திரும்பி ஏறும் 'ராஜிஉ' நரம்பைக் கானூன் அழகாக வருணிக்கிறது. ஆனால் முதுகெலும்போரத் தொடர் தனியொரு மண்டலம் என்பதை அது அறியாது. அத்தொடர் மூளையிலிருந்து கீழே இறங்குகிறது என்ற கருத்து ஐரோப்பாவிலும் நெடுங்காலம் நிலைத்தது. 1727இல் பெத்தி என்னும் பிரெஞ்சு மருத்துவர் கழுத்தில் அந்நரம்பை அறுத்து, கண்ணில் நேர்ந்த மாற்றத்தைக் கண்டு, இழைகள் கீழிருந்து மேலே ஏறுகின்றன என்று காட்டிய பிறகே அது தளர்ந்தது. 1845இல் வேபர் சகோதரர்கள் வேகஸைத் தூண்டி இதயத்தை நிறுத்திக் காட்டினர். 1898இல் கேம்பிரிட்ஜின் லாங்லி 'தன்னாட்சி' என்னும் பொருளுடைய பெயரை இம்மண்டலத்துக்கு இட்டார். துணைப்பரிவு என்ற பிரிவுக்கு 1905இல் பெயர் தந்தவரும் அவரே. 1921இல் ஆட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்தை வேகஸ் வழியாகத் தணித்து, அதைச் சூழ்ந்திருந்த நீரை மற்றொரு தவளையின் இதயத்தில் விட்டார். அதுவும் தணிந்தது. நரம்பு இரசாயனப் பொருள் மூலம் பேசுகிறது என்று அன்று தெரிந்தது. அதற்காக 1936இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இந்த நெடும் பயணத்தை ஒரே தாவலில் கடந்து, எல்லாம் கானூனில் உண்டு என்பது இப்னு சீனாவுக்கே செய்யும் அநீதியாகும்.

நம் முன்னோர் அப்படித் தாவியவர்கள் அல்லர். ஹிஜ்ரி 687இல் (1288) மறைந்த இப்னு நஃபீஸ், கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதியவர். இதயத்தின் இரு அறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் துளைகள் உண்டு என்று ஜாலீனூஸ் சொன்னதை இப்னு சீனாவும் ஏற்றிருந்தார். உரையாசிரியரோ, அங்கே வழி இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே செல்ல வேண்டும் என்று எழுதினார். அவருக்கு முன் அப்துல் லத்தீஃப் பக்தாதி, எகிப்தில் பஞ்சத்தால் மாண்டோரின் எலும்புக் குவியல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்து, கீழ்த்தாடை ஒரே எலும்பு என்றும், இரண்டு எனச் சொன்ன ஜாலீனூஸ் பிழைபட்டார் என்றும் பதிந்தார். உஸ்தாதின் நூலுக்கு உரை எழுதிக்கொண்டே உஸ்தாதைத் திருத்துவதும் நம் மரபுதான். அந்த மரபு மேடைகளுக்கு ஏறுவதில்லை.

இவ்விடத்தில் என் தேடல் நான் எதிர்பாராத ஒரு வாசலுக்கு என்னைக் கொண்டுவந்தது. அது நான் வாழும் அடையாற்றிலேயே இருந்தது.

அடையாறு கடலோடு கலக்கும் இடத்தின் தென்கரையில் தியாசபிகல் சொசைட்டியார் 1882 இறுதியில் தம் தலைமையகத்தை அமைத்தனர். 1886இல் ஆல்காட் அங்கே ஒரு நூலகம் தொடங்கினார். பல சமயங்களின் வழிபாட்டிடங்களைக் கொண்ட அந்தத் தோட்டத்தில் ஒரு சிறு பள்ளிவாசலும் உண்டு. அவர்களுடைய இதழான 'தியாசபிஸ்ட்' 1879இல் பம்பாயில் பிறந்து அவர்களோடு அடையாற்றுக்கு வந்தது. பரிவு நரம்பைப் பற்றி இந்நாட்டில் எழுந்த பழைய வழக்கு ஒன்று அந்த இதழின் பக்கங்களில் நடந்திருக்கிறது.

வழக்கின் முதல் சாட்சி ஆரிய சமாஜத்தின் நிறுவனர் தயானந்த சரஸ்வதி. அவர் தன்வரலாறு 1879, 1880ஆம் ஆண்டுகளில் அவ்விதழில் வந்தது. 1855 அளவில் கங்கைக் கரையில் சுற்றித் திரிந்த காலத்தில் ஆற்றில் மிதந்து வந்த பிணம் ஒன்றைக் கரைக்கு இழுத்துக் கத்தியால் அறுத்துப் பார்த்ததாக அவர் கூறுகிறார். யோக நூல்கள் வருணிக்கும் சக்கரங்களும் தாமரைகளும் உடலுக்குள் உண்டா என்று அறிவதே அவர் நோக்கம். வருணனைக்கும் உடலுக்கும் பொருத்தம் இல்லை எனக் கண்டு, தம் கையிலிருந்த அந்நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் எறிந்துவிட்டார்.

இதழ் அடையாற்றுக்கு வந்த பிறகு, 1888இல், மற்றொரு சாட்சி. பாமன் தாஸ் பாசு என்னும் வங்காள இளைஞர்; மருத்துவம் பயின்றவர்; வயது இருபத்தொன்று. பின்னாளில் கீர்த்திகருடன் இந்திய மூலிகைகளைப் பற்றிய பெருநூலைத் தந்தவர் இவரே. தந்திர நூல்களின் உடற்கூறு என்ற பொருளில் எழுதிய கட்டுரையில், சக்கரங்கள் எனப்படுபவை பரிவு நரம்பின் பின்னல்களே என்று இவர் வாதிட்டார். வயிற்றில் ஒரு நரம்புப் பின்னல், இதயத்தருகே ஒன்று, தொண்டையில் ஒன்று என்று ஐரோப்பிய உடற்கூற்று நூல் கூறுகிறது. நம் நூலும் அவ்வவ்விடங்களில் ஒவ்வொரு தாமரையைக் கூறுகிறது. ஆகவே நம் முன்னோர் இவற்றை அன்றே அறிந்திருந்தனர். வாதத்தின் சாரம் இதுதான். லாங்லி பெயர் சூட்டுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அடையாற்று இதழில் இந்த ஒப்பீடு அச்சேறிவிட்டது.

அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு வந்தது சிரிப்பு அன்று, நாணம். பெயர்களை மாற்றிவிட்டால் அது என் மீலாது சொற்பொழிவு. அடிமைப்பட்ட நாட்டில், ஆள்வோரின் அறிவியலே அறிவியல் என்று கல்லூரியில் போதிக்கப்பட்ட ஓர் இளைஞன், எங்களிடமும் இருந்தது என்று சொல்ல ஏங்கினான். அந்த ஏக்கத்தை நான் அறிவேன். ஆனால் ஏக்கம் சான்றாகிவிடாது. இடம் ஒத்திருப்பதால் பொருள் ஒத்திருக்கிறது என்பது எப்படி? கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து தந்திர நூல்களை ஆழ்ந்து கற்ற ஜான் உட்ராஃப், 1919இல் வந்த தம் நூலில் இந்தச் சமன்பாட்டை ஏற்கவில்லை. அந்நூல்கள் தியானத்துக்குரிய நுண்பொருளைப் பேசுகின்றன. கத்திக்கு அகப்படும் நரம்புக் கற்றையை அவை பேசவில்லை என்பது அவர் கருத்து. எனினும் 1927இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்த லெட்பீட்டரின் 'சக்கரங்கள்' என்ற நூல், ஒவ்வொரு சக்கரத்துக்கும் நேரே ஒரு பரிவு நரம்புப் பின்னலின் பெயரை எழுதி அட்டவணையே கொடுத்துவிட்டது. அட்டவணை என்பது விந்தையான ஒன்று. கட்டம் போட்டு எழுதிவிட்டால் ஐயமும் கட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இதே காலத்தில் வேறொரு முயற்சியும் சென்னையில் நடந்ததை மறக்கலாகாது. நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை மாகாண அரசு 1921இல் அமைத்த குழுவுக்குத் தலைவர் முஹம்மது உஸ்மான். பின்னர் 1934இல் சிறிது காலம் மாகாணத்தின் ஆளுநர் பொறுப்பையும் வகித்த பெருமகன் அவர். குழுவின் செயலாளர் மேலை மருத்துவம் பயின்ற கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, பிற்காலத்தில் அடையாறு நூலகத்தின் இயக்குநராக இருந்தவர். 1923இல் வெளிவந்த அறிக்கையின் பயனாக ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் மேலை உடற்கூற்றுப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கும் பள்ளி சென்னையில் தோன்றியது. பழைய நூலையும் அறுவை மேசையையும் ஒரே மாணவனின் முன் வைத்தார்கள். எது எதை விஞ்சியது என்று முடிவு கட்டுவதைக் காட்டிலும் இது நேர்மையான வழி என்பது என் எண்ணம்.

சக்கரங்களின் வழக்கை அத்துடன் விட்டுவிடலாம். இதயத்தை விருப்பத்தால் நிறுத்த இயலும் என்ற கூற்றைச் சோதித்துப் பார்க்கலாம் அல்லவா? அதுவும் நடந்திருக்கிறது. 1935இல் தெரேஸ் ப்ரோஸ் என்னும் பிரெஞ்சு இதய மருத்துவ அம்மையார் கருவிகளோடு இந்தியா வந்து யோகிகளைச் சோதித்தார். இதயத்தின் மின்பதிவு ஏறத்தாழ இல்லாமற் போகுமளவுக்குக் குறைந்ததைக் கண்டதாக அறிவித்தார். உலகெங்கும் பேசப்பட்ட செய்தி அது.

1957இல் மூவர் அதை மீண்டும் ஆராய்ந்தனர். கலிஃபோர்னியாவின் வெங்கர், மிச்சிகனில் பணியாற்றிய வங்காளியரான பாக்சி, தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தின் ஆனந்த் ஆகியோர் அவர்கள். நான்கு யோகப் பயிற்சியாளர்களை அவர்கள் சோதித்தனர். அவர்களுள் ஒருவர் சென்னையில் வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888இல் பிறந்த அவர் அப்போது எழுபதை நெருங்கியிருந்தார். அடையாற்றுக்கு வடக்கே மந்தைவெளியில் இன்றும் அவர் பெயரால் யோக நிலையம் இருக்கிறது. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவியது.

முடிவுகள் 1961இல் அமெரிக்க இதய மருத்துவ இதழ் ஒன்றில் வந்தன. நால்வருள் மூவர் இதயத்தை அல்லது நாடியை நிறுத்துவதாகக் கூறியவர்கள். அவர்கள் மூச்சை இழுத்து, தொண்டையை அடைத்து, மார்பையும் வயிற்றையும் இறுக்கினார்கள். மணிக்கட்டில் நாடி மறைந்தது. செவிக்குழலில் இதய ஒலி தேய்ந்தது, சில வேளை மறைந்தது. ஆனால் மின்பதிவில் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. மார்புக்குள் அழுத்தம் ஏறியதால் சிரைகள் வழியே இரத்தம் இதயத்துக்குத் திரும்புவது தடைப்பட்டது. நிரம்பாத இதயம் மணிக்கட்டை எட்டாத சிறு துடிப்புகளைத் துடித்தது. மூச்சை அடக்கும்போது மார்புக்குள் இதயம் கிடக்கும் நிலையும் மாறும். ஒரு திசையிலிருந்து மட்டும் மின்பதிவு எடுத்தால் கோடு சிறுத்துத் தோன்றலாம். நான்காமவர் இதயத்தைத் தணிப்பதாக மட்டுமே கூறியவர். அவர் சொன்னபடியே செய்து காட்டினார். இதயம் வெகுவாகத் தணிந்தது. ஆனால் அவரும் விருப்பத்துக்கு ஆட்பட்ட தசைகளின் வழியாகவே அதைச் சாதித்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இதைக் கொண்டு யோகியரைப் பொய்யர் என்று சொல்லத் துணிவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. நாடி மறைந்தது உண்மை. விரல் வைத்துப் பார்த்தவர் கண்டதும் உண்மை. முதிர்ந்த வயதில் கம்பிகளைக் கட்டிக்கொண்டு அயல்நாட்டு அறிஞர் முன் உட்கார இசைந்தாரே, அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். நாடி நின்றால் இதயம் நின்றது என்று பொருள் கொண்டதே பிழை. வீட்டிலே யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். மூச்சடக்கி முக்குவதால் முதியோர் மயங்கி விழுவதுண்டு.

மாணவனிடம் திரும்பினேன். கானூனின் அந்தப் பக்கத்தைத் திறந்து, நுரையீரல் பகுதியில் மூச்சும் நாடியும் பிரிக்கப்படும் இடத்தை அரபியில் வாசிக்கச் செய்து பொருள் சொன்னேன். பரிவு நரம்பை இப்னு சீனா அறியார் என்றேன். ஆறாம் இணையில் அவர் பிழைபட்டதையும் காட்டினேன். அவன் முகம் சற்று வாடியது. மூச்சு இரண்டு வீட்டுக்கும் சொந்தம், நாடி ஒரு வீட்டுக்கே சொந்தம் என்று அவர் கண்டாரே, 1957இல் கருவிகள் கண்டதும் அந்த வாசலைத்தானே என்றேன்.

பிறகு அவன் மணிக்கட்டில் அவனையே விரல் வைக்கச் சொன்னேன். மூச்சை மெல்ல உள்ளிழுக்கும்போது நாடி சிறிது விரையும். மெல்ல வெளிவிடும்போது தணியும். வெளிமூச்சில் வேகஸ் கடிவாளத்தை இறுக்குகிறது. இளம் வயதில் இது தெளிவாகவே தெரியும். பத்து மூச்சுகள் எண்ணிவிட்டு நிமிர்ந்தான்.

"தெரிகிறது, ஹஜ்ரத். மூச்சை மாற்றாமல் நாடியை மட்டும் குறைக்க முடியுமா?"

"முயன்று பார்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். மற்றப் பிள்ளைகள் கிதாபுகளை அடுக்கிவிட்டு மஃரிபுக்கு எழுந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தேன்.